நிதிப் பொருளாதாரம் படிப்பது எப்படி? சேலத்துக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் அது மாதக் கணக்கு என்பதைச் சேலத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வருஷத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் 24 என்று உடனே பதில் வரும். வாங்கிய வட்டியை அந்தந்த மாதமே மறுபடி வட்டிக்கு விடுகிறவருக்கு அது 26.8 சதவீதம். 1.02-ஐ 12 முறை பெருக்கினால் தெரியும். இந்த 2.8 எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடிந்தால், இந்தப் பாடத்தின் அடிப்படை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இந்த வழிகாட்டி பி.ஏ. பொருளாதாரம், பி.காம்., பி.பி.ஏ. மாணவர்களுக்கானது. பாடத்திட்டத்தில் இதே பெயரை ஒட்டி இரண்டு வகைத் தாள்கள் இருக்கும். ஒன்று, நிதிச் சந்தைகளும் நிறுவனங்களும்: ரிசர்வ் வங்கி 1935-ல் தொடங்கியது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபிக்கு 1992-ல் சட்ட அதிகாரம் கிடைத்தது என்று போகும். அதை வாசித்து நினைவில் வைக்கலாம். மற்றொன்றுதான் நிதிப் பொருளாதாரம். அங்கே மனப்பாடம் உதவாது, ஏனென்றால் அது ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது: நாளைக்கு வரப்போகிற, வருமா வராதா என்று உறுதியில்லாத பணத்துக்கு இன்றைக்கு என்ன விலை?

கேள்விக்குள்ளேயே படிக்க வேண்டிய வரிசையும் இருக்கிறது. "நாளைக்கு" என்பது காலம். "உறுதியில்லாத" என்பது அபாயம். "விலை" என்பது, ஒரே பொருளுக்குச் சந்தையில் இரண்டு விலை நிலைக்காது என்ற விதி. காலம், அபாயம், விலை என்ற இந்த வரிசையை மாற்றாதீர்கள். பங்கு வாங்கி வைக்க டீமேட் கணக்கைத் திறந்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குகிற மாணவர்கள் பலர். பங்குச் சந்தை இந்தப் பாடத்தில் கடைசியாக வர வேண்டிய விருந்தாளி.

முதல் படி: கணிதத்தில் எது வேண்டும், எது வேண்டாம்

வேண்டியது நான்குதான். அடுக்குகளும் மடக்கையும், பெருக்குத் தொடரின் கூட்டுத்தொகை, வகையிடல் கொஞ்சம், நிகழ்தகவில் எதிர்பார்ப்பு மதிப்பு, திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு. பிளஸ் ஒன், பிளஸ் டூவில் வணிகக் கணிதம் எடுத்தவர்கள் இதையெல்லாம் தாண்டித்தான் வந்திருப்பார்கள். எடுக்காதவர்கள் அந்தப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கி, இந்த நான்கு தலைப்புகளை மட்டும் இரண்டு வாரம் போட்டுப் பார்த்தால் போதும். தொகையிடல், அணிகள் எல்லாம் முதுகலைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு குறுக்கு வழி: 72-ஐ வட்டி வீதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள் கிட்டத்தட்டக் கிடைக்கும். 8 சதவீதத்துக்கு 9 ஆண்டு. இது ஏன் வேலை செய்கிறது என்று மடக்கையை வைத்து நீங்களே நிறுவிப் பாருங்கள்.

இரண்டாம் படி: காலம்

செமஸ்டரில் அதிக நாள் இதற்குத்தான் போக வேண்டும். அடுத்த ஆண்டு வரும் 108 ரூபாய்க்கு, வட்டி 8 சதவீதமாக இருந்தால், இன்றைய மதிப்பு 100. இந்த ஒரு வரியைத்தான் வீட்டுக்கடன், கடன் பத்திரம், குத்தகை, ஓய்வூதியம் எல்லாவற்றிலும் திருப்பித் திருப்பிப் பயன்படுத்தப் போகிறீர்கள்.

பாடநூல் கணக்குகளுக்கு முன்னால் ஒரு ஏலச்சீட்டைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். பத்துப் பேர், மாதம் 10,000, சீட்டு ஒரு லட்சம். கமிஷன் இல்லாமல் உறவுக்காரர்களுக்குள் நடப்பது என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 20,000 தள்ளி எடுக்கிறார் ஒருவர். அடுத்த மாதம் தள்ளு 18,000. இப்படி மாதத்துக்கு 2,000 குறைந்து ஒன்பதாம் மாதம் 4,000 ஆகிறது. கடைசி மாதம் ஏலம் இல்லை. தள்ளிய தொகை பத்துப் பேருக்கும் பிரிவதால் முதல் மாதம் ஆளுக்கு 8,000 கட்டினால் போதும். பிறகு 8,200, 8,400 என்று ஏறி, ஒன்பதாம் மாதம் 9,600, பத்தாம் மாதம் 10,000.

முதல் சீட்டை எடுத்தவர் எவ்வளவு வட்டி கொடுத்தார்? "லட்சத்துக்கு 20,000 விட்டார், 20 சதவீதம்" என்பது திண்ணைக் கணக்கு. பணம் எப்போது கைக்கு வந்தது, எப்போது போனது என்று தேதிவாரியாக எழுதுங்கள். முதல் மாதம் 80,000 வாங்கி, தன் பங்கு 8,000 கட்டினார், கையில் 72,000. அடுத்த ஒன்பது மாதத்தில் 8,200 தொடங்கி 10,000 வரை, மொத்தம் 81,200 கட்டுகிறார். அந்த ஒன்பது தவணைகளின் இன்றைய மதிப்பு சரியாக 72,000 ஆகும்படி ஒரு வீதத்தைத் தேடினால், மாதம் 2.4 சதவீதம் வருகிறது. கூட்டு வட்டியில் ஆண்டுக்கு 33 சதவீதம்.

கடைசிச் சீட்டை எடுப்பவரைப் பாருங்கள். ஒன்பது மாதத்தில் 79,200 கட்டுகிறார். பத்தாம் மாதம் தன் பங்கு போக 90,000 வாங்குகிறார். அவருக்கு மாதம் 2.6 சதவீதம் கிடைக்கிறது. எந்த வங்கியின் வைப்புத்தொகையும் இதன் பக்கத்தில் வராது. அப்படியானால் எல்லாரும் கடைசிச் சீட்டுக்கே காத்திருக்கலாமே? இந்தக் கேள்வி மனதில் எழுந்தால் மூன்றாம் படிக்கு நீங்களே வந்து சேர்ந்துவிட்டீர்கள். ஏற்கெனவே எடுத்துவிட்ட ஒன்பது பேரும் ஒழுங்காகக் கட்டுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் கடைசி ஆள் உட்கார்ந்திருக்கிறார். அந்த 2.6-ல் ஒரு பகுதி காத்திருந்ததற்கான கூலி, மறுபகுதி பயத்துக்கான கூலி. நிதிப் பொருளாதாரத்தில் முக்கால்வாசி இந்த இரண்டையும் பிரித்து அளக்கிற வேலைதான்.

அடுத்த பயிற்சியாக நடத்துபவரின் கமிஷனையும் சேர்த்து இதே கணக்கை மறுபடி போடுங்கள். 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தில் கமிஷனுக்கு 5 சதவீத உச்சவரம்பு இருந்தது. 2019 திருத்தத்தில் அது 7 ஆனது. இரண்டுக்கும் முதல் ஆளின் வட்டியும் கடைசி ஆளின் வருமானமும் எப்படி விலகுகின்றன என்று பாருங்கள். (கணக்குக்குத்தான் வீட்டுச் சீட்டை எடுத்தேன். சேர்வதானால் பதிவு பெற்ற சீட்டில் சேருங்கள்.)

வண்டிக் கடன் இதைவிட எளிது. 80,000 ரூபாய், "9 சதவீத ஃபிளாட் வட்டி", 36 மாதம். வட்டி 21,600 சேர்த்துப் பிரித்தால் தவணை 2,822. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முழு 80,000-க்கும் போடப்படுவதால், உண்மை வீதம் ஆண்டுக்கு 16 சதவீதத்தைத் தாண்டுகிறது.

பிறகு முடிவில்லாத வருமானம். சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டம் செலவு போக ஆண்டுக்கு 60,000 தருகிறது, எப்போதும் தரும் என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீதத்தில் அதன் மதிப்பு 60,000-ஐ 0.08-ஆல் வகுத்தால் வருவது: ஏழரை லட்சம். வருமானம் ஆண்டுக்கு 3 சதவீதம் வளரும் என்றால் 8-ல் 3-ஐக் கழித்து, வகுப்பது 0.05-ஆல், மதிப்பு 12 லட்சம். வளர்ச்சி 4 சதவீதம் என்றால் 15 லட்சம். ஒரே ஒரு சதவீத நம்பிக்கைக்கு மூன்று லட்சம் கூடிவிட்டது. காப்பி விற்கிற காசுக்கும் ஏற்காட்டு நிலத்தின் விலைக்கும் சம்பந்தமே இல்லையே என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த விலைக்குள் இருப்பது காப்பி மட்டுமல்ல, விடுதியும் வீட்டுமனையும் நாளை என்ன தரும் என்ற ஊகமும்தான். பங்கு விலைக்கும் இதே சூத்திரம்தான், நிறுவனம் பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் டிவிடெண்டு மட்டும் வருமானத்தின் இடத்தில் வரும்.

கடன் பத்திரத்தில் மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுதான்: வட்டி ஏறினால் பத்திர விலை ஏன் இறங்குகிறது? 100 ரூபாய் முகமதிப்பு, ஆண்டுக்கு 7 ரூபாய் வட்டி, பத்து ஆண்டுப் பத்திரம். சந்தை வட்டியும் 7 என்றால் விலை 100. சந்தை வட்டி 8 ஆனால் விலை 93.29, 6 ஆனால் 107.36. புதுப் பத்திரம் 8 தரும்போது பழைய 7-ஐ யாரும் முழு விலைக்கு வாங்கமாட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் இறங்கியது 6.71, ஏறியது 7.36. இரண்டும் ஏன் சமமில்லை என்று ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். வளைவு கண்ணுக்குத் தெரியும். அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் டிரஷரி பில்களையும் விட்டுவிடாதீர்கள். 91, 182, 364 நாள் என்று மூன்று வகை உண்டு. வட்டி என்று தனியாக எதுவும் தராமல், குறைந்த விலைக்கு விற்று முகமதிப்பைத் திருப்பித் தருவார்கள். 98.40-க்கு வாங்கிய 91 நாள் பில்லின் ஆண்டு வருமானம் 6.52 சதவீதம், கையால் போட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படி: அபாயம்

முதலில் மனிதர், பிறகு சந்தை. உங்களிடம் ஒரு லட்சம் இருக்கிறது. நாணயம் சுண்டி, தலை விழுந்தால் 50,000 வரும், பூ விழுந்தால் 50,000 போகும். சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனாலும் பெரும்பாலோர் வேண்டாம் என்பார்கள். பணம் கூடக்கூட அடுத்த ரூபாய் தரும் பயன்பாடு குறைகிறது என்று இதற்கு 1738-லேயே டேனியல் பெர்னூலி காரணம் சொன்னார். பயன்பாட்டை மடக்கையாக எடுத்துக்கொண்டார். அந்தக் கணக்கின்படி இந்தச் சுண்டாட்டத்துக்குச் சமமான உறுதித் தொகை 86,603 (1,50,000-ஐயும் 50,000-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்). அதாவது, இந்த ஆட்டத்திலிருந்து தப்பிக்க 13,397 வரை கொடுக்கலாம். காப்பீட்டு நிறுவனங்கள் பிழைப்பது இந்தத் தொகையில்தான்.

பிறகு பரவலாக்கம். ஏற்காட்டுத் தோட்டங்களில் காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காப்பி வருமானத்தின் திட்ட விலக்கம் 30 சதவீதம், மிளகினுடையது 20, பாதிப் பாதி முதலீடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்கினால், அதாவது ஒட்டுறவு 1 என்றால், மொத்தத்தின் விலக்கம் 25. ஒட்டுறவு 0.5 என்றால் 21.8. ஒட்டுறவே இல்லையென்றால் 18. மிளகைத் தனியாக வைத்திருப்பதைவிடக் குறைவு! அதிக ஆட்டமுள்ள ஒன்றைச் சேர்த்ததால் மொத்த ஆட்டம் குறைந்துவிட்டது. 1952-ல் ஹாரி மார்கோவிட்ஸ் எழுதிய கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதற்கு முன் இந்த மூன்று எண்களையும் கையால் கொண்டுவாருங்கள்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. மாசி, பங்குனியில் பூக்கும் நேரத்து மழை தவறினால் மலை முழுக்க எல்லாத் தோட்டத்துக்கும் அடி. அராபிகாவின் விலையை நியூயார்க் சந்தையும் ரொபஸ்டாவின் விலையை லண்டன் சந்தையும் தீர்மானிக்கின்றன. அது இறங்கினால் பத்துத் தோட்டம் வைத்திருந்தாலும் தப்ப முடியாது. ஒரு தோட்டத்தில் மட்டும் தண்டுத் துளைப்பான் விழுந்தால்? பல தோட்டங்களில் பங்கு வைத்திருப்பவருக்கு அது பெரிதாக உறைக்காது. பரப்பினால் போகிற அபாயம், பரப்பினாலும் போகாத அபாயம் என்ற பிரிவு இதுதான். 1964-ல் வில்லியம் ஷார்ப் சொன்ன கருத்து: போகாத அபாயத்துக்கு மட்டுமே சந்தை கூலி தரும். அதை அளப்பது பீட்டா: சந்தை ஒரு சதவீதம் அசைந்தால் பங்கு சராசரியாக எத்தனை சதவீதம் அசையும் என்ற எண். அபாயமில்லா வட்டி 6.5, சந்தை அதற்கு மேல் தரும் கூடுதல் 6, பீட்டா 1.2 என்றால் எதிர்பார்க்க வேண்டிய வருமானம் 6.5 கூட்டல் 7.2, அதாவது 13.7 சதவீதம். மார்கோவிட்ஸ், ஷார்ப், மெர்ட்டன் மில்லர் மூவருக்கும் 1990-ல் பொருளாதார நோபல் கிடைத்தது.

தேர்வில் "பீட்டா அதிகமானால் லாபம் அதிகம்" என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய. எதிர்பார்க்கும் வருமானம்தான் அதிகம். கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

நான்காம் படி: இலவச லாபம் இல்லை

எனக்கு இந்தப் பாடத்தில் பிடித்த பகுதி இது. கொலுசுத் தொழில் நடக்கும் ஊரில் வெள்ளியை விட்டுவிட்டு வேறு உதாரணம் எதற்கு? ஒரு கிலோ வெள்ளி இன்று ஒரு லட்சம் என்று கணக்கு வசதிக்காக வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்துக் கொடுக்கும் ஒப்பந்தத்துக்கு இன்று என்ன விலை பேசலாம்? வெள்ளி ஏறுமா இறங்குமா என்று யோசிக்கத் தொடங்கினால் தவறான பாதை. கடன் வாங்கி இன்றே வெள்ளியை வாங்கி வைத்துவிடலாம்: ஆண்டுக்கு 8 சதவீதம் என்றால் ஆறு மாத வட்டி 4,000, பெட்டகச் செலவு 500. ஆக 1,04,500. யாராவது 1,07,000-க்கு ஒப்பந்தம் போடத் தயாராக இருந்தால், கடனில் வெள்ளியை வாங்கி, அவருக்கு முன்பேரம் பேசி விற்று, ஆறு மாதத்தில் 2,500 ரூபாயை அபாயமே இல்லாமல் எடுக்கலாம். இதைப் பார்த்து எல்லாரும் வருவார்கள், விலை 1,04,500-க்கு இறங்கிவிடும். இதுதான் ஆர்பிட்ரேஜ் வாதம். எதிர்கால விலை பற்றிய ஆரூடம் எதுவும் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆப்ஷனுக்கும், அதாவது பேசிய விலைக்கு வாங்கும் உரிமைக்கும், இதே தந்திரம். பங்கு இன்று 100. ஓராண்டில் 120 ஆகலாம் அல்லது 90 ஆகலாம். வட்டி 5 சதவீதம். 105 ரூபாய்க்கு வாங்கும் உரிமையின் விலை என்ன? ஏறினால் அந்த உரிமை 15 ரூபாய் பெறும், இறங்கினால் பூஜ்யம். இரு நிலைகளுக்கும் இடையே உரிமையின் வித்தியாசம் 15, பங்கின் வித்தியாசம் 30, விகிதம் அரை. ஆகவே அரைப் பங்கை வாங்கி, ஓர் உரிமையை விற்றுவிடுங்கள். ஏறினால் கையில் 60 கழித்தல் 15, அதாவது 45. இறங்கினாலும் 45. எது நடந்தாலும் 45 என்றால் அதன் இன்றைய மதிப்பு 42.86. அரைப் பங்குக்கு 50 கொடுத்தோம். ஆகவே உரிமையின் விலை 7.14. பங்கு ஏறுவதற்கான நிகழ்தகவு எங்கேயாவது வந்ததா? வரவில்லை. முதல் முறை பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள். நம்பும்வரை வேறு எண்களை வைத்துப் போட்டுக்கொண்டே இருங்கள். 1973-ல் வந்த பிளாக்–ஷோல்ஸ் சூத்திரம் இதே வாதத்தை நொடிக்கு நொடி நீட்டியதுதான். இளங்கலையில் அந்தச் சூத்திரத்தை நிறுவக் கேட்கமாட்டார்கள். 100-லிருந்து 120, 90 என்று இரண்டாகக் கிளை பிரியும் இந்த ஒரு படி மரத்தைத் தெளிவாகப் போட்டால் போதும்.

மோடிகிலியானி–மில்லர் தேற்றமும் (1958) இங்கேதான் சேரும். வரியும் திவால் செலவும் இல்லாத உலகில், கடனா பங்கா என்று மாற்றுவதால் நிறுவனத்தின் மதிப்பு மாறாது. தேற்றத்தைவிட அதன் நிபந்தனைகள் முக்கியம். ஒவ்வொன்றாக நீக்கினால் என்ன ஆகும் என்பதுதான் தேர்வுக் கேள்வி.

ஐந்தாம் படி: சந்தை எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது?

கிடைக்கும் தகவல் எல்லாம் விலையில் ஏற்கெனவே ஏறிவிட்டது என்ற கருதுகோளை 1970-ல் யூஜின் ஃபாமா தொகுத்துச் சொன்னார். டிவிடெண்டின் மாற்றத்துக்குப் பொருந்தாத அளவு பங்கு விலை ஆடுகிறது என்று 1981-ல் ராபர்ட் ஷில்லர் எதிர்த்தார். 2013-ல் இருவருக்கும், லார்ஸ் ஹான்சனுடன் சேர்த்து, நோபல் கொடுத்தார்கள். தேர்வில் இரண்டு பக்கமும் எழுதுங்கள். சொந்தப் பணத்தில் மட்டும் ஃபாமா பக்கம் நில்லுங்கள்: 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர, ஆப்ஷன் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள் என்று செபியின் ஆய்வு சொல்கிறது. டெலிகிராம் டிப்ஸ் குழுக்களுக்கும் இந்தப் பாடத்துக்கும் எந்த உறவும் இல்லை.

ஆறாம் படி: உண்மைத் தரவில் கைவைப்பது

நிஃப்டி 50-ன் பழைய விலைகளைத் தேசியப் பங்குச் சந்தையின் தளத்திலிருந்தும், வட்டி வீதங்களை ரிசர்வ் வங்கியின் தரவுத் தளத்திலிருந்தும், காப்பி விலையைக் காப்பி வாரியத்திலிருந்தும் இலவசமாக எடுக்கலாம். மாத இறுதி விலைகளை எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ வைத்து, மாத வருமானம், திட்ட விலக்கம், ஒரு பங்கின் பீட்டா மூன்றையும் கணக்கிடுங்கள். பீட்டா என்பது அந்தப் பங்கின் வருமானத்துக்கும் நிஃப்டி வருமானத்துக்கும் வரையும் கோட்டின் சாய்வுதான். விலையை வைத்து ஒட்டுறவு போடாதீர்கள். வருமானத்தை வைத்துப் போடுங்கள். காலத்தோடு ஏறும் எந்த இரண்டு விலைகளும் நெருங்கிய சொந்தம் போலத் தெரியும்.

இன்னொரு கண்ணி: இந்த மென்பொருள்களில் நிகர இன்றைய மதிப்பைப் போடும் என்பிவி சார்பு, நீங்கள் கொடுக்கும் முதல் எண்ணையே ஒரு காலகட்டம் தள்ளித்தான் கழிக்கும். இன்றைய முதலீட்டை அதற்குள் போட்டால் விடை தவறாகும். வெளியே வைத்துக் கூட்டுங்கள்.

ஏழாம் படி: மொழியும் தேர்வும்

தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் தாள் எழுத வேண்டியவர்கள், கணக்கைத் தமிழில் யோசித்து முடித்த பிறகு விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். தலைகீழாகச் செய்தால் இரண்டும் நிற்காது. வகுப்பு போதவில்லை என்றால் என்பிடெல், ஸ்வயம் தளங்களில் நிதி தொடர்பான பாடங்கள் இலவசம். ஒரே ஒரு தொடரைத் தேர்ந்து முடிவுவரை பாருங்கள். பழைய வினாத்தாளை எடுத்தால் விடையைப் பார்க்காமல், நேரம் வைத்து எழுதுங்கள். கணக்குக் கேள்வியில் முதல் வரியாகக் காலக்கோடு வரைந்து, எந்தத் தேதியில் எவ்வளவு வருகிறது, போகிறது என்று குறித்துவிடுங்கள். விடை தவறினாலும் அந்தக் கோட்டுக்கு மதிப்பெண் விழ வாய்ப்பு உண்டு.

புராஜெக்ட் செய்ய வேண்டியிருந்தால் ஊரிலேயே தலைப்பு கிடக்கிறது. செவ்வாய்பேட்டையின் வெள்ளி விலை எம்சிஎக்ஸ் பண்டச் சந்தையின் விலையை எத்தனை நாளில் பின்தொடர்கிறது? காப்பிக்கும் மிளகுக்கும் உண்மையில் ஒட்டுறவு எவ்வளவு? உங்கள் தெருவில் ஓடும் சீட்டுகளில் முதல் ஆள் கொடுக்கும் வட்டி என்ன? மூன்றாவதுதான் சுவாரசியமானது, வேறு எங்கும் கிடைக்காத தரவு. அதை எடுப்பதானால் யாருடைய பெயரையும் எழுதாதீர்கள். மாதம், தவணை, தள்ளு இந்த மூன்று மட்டும் போதும். நோட்டில் பெயர் விழுகிறது என்று தெரிந்தால் ஒருவரும் உண்மைத் தொகையைச் சொல்லமாட்டார்கள்.